பஸ்ஸுக்கு வைத்த மாத்திரை

மாரமங்கலத்து அங்கப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. மிளகு பறிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்தால் உச்சிக் கொடிவரை போய்விடுவார், தலை சுற்றாது. ஆனால் மலையிறங்கும் சேலம் பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். ஊரே கேலி செய்யும், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மார்கழியில் முதுகெலும்பில் புற்றுநோய் என்றார்கள். வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. அது குமட்டும் என்பதால் கூடவே இன்னொரு சின்ன மாத்திரை. மலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான், பிரிஸ்கில்லா. அவர் மனைவி சென்னம்மாளிடம் விளக்கியது நான்தான். "இது வலிக்கு, இது வாந்திக்கு" என்றேன். அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதோடு விட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்துப் போனால், மனிதர் பாதியாகியிருந்தார். கட்டிலுக்கடியில் சாம்பல் போட்ட சட்டி. களி கிண்டும் வாசம் வந்தாலே ஓங்கரித்தார். இஞ்சி, எலுமிச்சை, நார்த்தங்காய் எதற்கும் குமட்டல் அடங்கவில்லை.

"வலி மாத்திரைய நேத்தோட நிறுத்திட்டனுங்க சிஸ்டர்," என்றார். "வலியக்கூடப் பல்லக் கடிச்சுட்டுத் தாங்கிக்கலாமுங்க. இந்தக் கொமட்டல் நொம்பக் கொடுமைங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாந்திக்குக் குடுத்தனே, அத ஏங்க போடல?"

சென்னம்மாள் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து அட்டையை எடுத்து வந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"பத்திரமா வெச்சிருக்கனுங்க. அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில எறங்கோணுமில்லீங்க? ஊட்டுல படுத்திருக்கறவருக்கு இது எதுக்குங்க?"

எங்கள் மலையில் வாந்தி மாத்திரை என்றால் பஸ்ஸுக்குத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். வெளியூர் நர்ஸுக்கு இது தெரியாமல் போகலாம். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அன்றைக்கே அந்த மாத்திரையைக் கொடுத்து, அரை மணி கழித்து மார்ஃபினும் கொடுத்தேன். உள்ளே தங்கியது. மறுநாள் அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, அசந்து தூங்கினார். ஆனால் உடம்பு தேறவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார். நோய் எப்படியும் விட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த எட்டு நாள் பட்ட பாட்டை நோய் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

காரியம் முடிந்தபின் போயிருந்தேன். மிச்ச அட்டையை என் கையில் வைத்த சென்னம்மாள், கையை விடவில்லை.

"நாந்தான் அவிங்கள அப்படித் துடிக்க வெச்சுட்டனுங்களா, கண்ணு?"

"இல்லீங்க," என்றேன்.

அப்படியானால் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் பழியை அவர்தான் சுமந்துகொண்டிருக்கிறார்.