புரசம்பூவும் களாப்பூவும்

சயானைத் தாண்டிச் செம்பூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோதுதான், மாட்டுங்காவில் பொய் சொல்லிவிட்டு வந்தேனோ என்ற பயம் வந்தது. கொட்டை வறுக்கிற வேலை கேட்டுப் போன என்னைக் காப்பிப்பொடிக் கடைக்காரர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாசனை தெரியுமோ? கொட்டையக் கண்ணால பாத்து வறுக்கறவன் கரியாக்கிடுவான். மூக்கால வறுக்கணும்."

"நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்போ நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு வா. குளிச்சுட்டு வா."

தாராவியில் தோல் பதனிடும் வேலையை அதற்கு முந்தின நாள்தான் விட்டிருந்தேன். இரண்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற வேலை. நகமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. விரலிடுக்கில் புண் ஆறுவதே இல்லை. அது பெரிய விஷயமில்லை. முதல் மாதத்துக்குப் பிறகு அங்கே நாற்றமே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இப்போது உறுத்தியது. போன மழைக்காலத்தில், அறையில் மற்றவர்கள் ஊசிப்போச்சு என்று ஒதுக்கிய சோற்றை நான் ரசித்துத் தின்றிருக்கிறேன். பழகிப்போனதா, மூக்கே செத்துப்போனதா? விடிவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கிற ஒற்றை நாள் எனக்கு எப்போதும் பிடிக்கும். குண்டக்கல்லிலும் பூனாவிலும் அந்த நாளைக் கால் போன பக்கம் நடந்தே கழித்திருக்கிறேன். இந்த முறை கால் டிராம்பே மலைக்குப் போனது. போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது அங்கே தீப்பிடித்த மாதிரி மரங்கள் பூத்திருந்தன. பூ என்றால் மணக்கத்தானே வேண்டும்?

வேலி போட்ட பக்கத்தை விட்டுவிட்டு, சருகு நொறுங்கும் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். இலை ஒன்றுகூட இல்லாத புரச மரங்கள், கிளை தெரியாமல் செந்நிறப் பூக்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். அடிப்பக்கம் கறுப்பு வெல்வெட் மாதிரி மெத்தென்றிருந்தது. முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. கசக்கிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். ஐந்தாவது மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டேன்.

"ஏ அண்ணாச்சி, ஆடு மாதிரி மரம் மரமா மோந்துட்டு அலையுதிய, என்னத்தத் தொலைச்சிய?"

சேலைத் துணியை விரித்துப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. திருநெல்வேலிப் பேச்சு.

"மூக்கத் தொலைச்சிட்டேன். ஒண்ணுமே மணக்க மாட்டேங்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேலே மரத்தில் ஒரு கிளை அசைந்தது.

"யாருட்டி அது?" அவள் புருஷன் குரல்.

"புரசம்பூவுல மணம் தேடி ஒரு அண்ணாச்சி வந்திருக்காவ!"

"அதுக்கு மணம் ஏதுவே? நாங்களே ஹோலிக்குச் சாயம் காச்சத்தான் பறிக்கோம். உம்ம மேல அடிக்கிற தோல் வாடைதான் மரத்து உச்சி வரைக்கும் ஏறுது. காத்துக்கு எதிர்ல நடந்து பாரும்வே, அது பின்னால போவட்டும்!"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கும். சட்டையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு, கடல் காற்று வந்த திசையில் ஏறினேன். இலவ மரத்திலிருந்து ஒரு கனத்த பூ தொப்பென்று முன்னால் விழுந்தது. தேன்சிட்டு ஒன்று முள்முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கியது. கீழே உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. மூக்கை மறந்து பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு பாறையருகே கால் தானாக நின்றது. ஏதோ இனிப்பாக, மெல்ல வந்து போனது. நான் நினைத்துக்கொண்டதோ என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். மறுபடி வந்தது. பாறையைச் சுற்றிப் போனால் முள்ளும் பூவுமாகக் களாப் புதர். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். கண்ணுக்கு முந்தி மூக்குதான் கண்டுபிடித்திருந்தது.

வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. தேனீக்களும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

இறங்கும்போது ஒரு கொத்து ஒடித்து வந்து, மரத்திலிருந்து இறங்கியிருந்த அவள் புருஷனிடம் கொடுத்தேன். அவன் முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளியெறிந்துவிட்டு, பூவை அவள் கொண்டையில் செருகினான்.

"மூக்கு கிடைச்சிட்டா அண்ணாச்சி?"

"கிடைச்சிட்டும்மா."

"சட்டைய மறந்துட்டுப் போயிராதிய. மரம் பாவம்."

மறுநாள் ஆறு மணிக்கு மாட்டுங்காவில் இருந்தேன், குளித்துவிட்டு. கடைக்காரர் அடுப்பு மேலிருந்த இரும்பு உருளையின் கைப்பிடியைக் காட்டிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சுற்றினேன். முதலில் பச்சை வைக்கோல் வாசனை, பிறகு சோளம் பொரிகிற மாதிரி, பிறகு அது திடீரென்று காப்பியாக மாறியது.

"இறக்கட்டுமா?"

"என்னை ஏன் கேக்கறே?" என்றார் அவர், திரும்பாமலே.

இறக்கினேன்.