பச்சை விளக்கு எரிந்தும் போகாத ஃபேக்ஸ்

1. மெஷினோடு வந்த செல்லம்மாக்கா

பந்தலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது தேயிலை விலை அடியோடு விழுந்திருந்தது. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. அடைமழையில் ஒரு நாள் காலை, எஸ்.டி.டி. பூத் நடத்தும் செல்லம்மாக்கா தன் ஃபேக்ஸ் மெஷினைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே கத்திக்கொண்டு கணேசன்.

"மேடம், இந்தக்கா மெஷினு வெறும் டப்பாங்க! நேத்துப் புடிச்சு என் லைசென்ஸ் காப்பிய அனுப்புது. கோயமுத்தூர்ல பாதிப் பக்கம்தான் வருதாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முழுசா வரலைன்னா வேற டிரைவர போட்டுக்குவாங்களாம்!"

"வாயக் கழுவு தம்பி. மெஷினு புதுசு. லைனுக்குத்தான் சீக்கு" என்றார் செல்லம்மாக்கா.

கணேசன் தேயிலை ஃபேக்டரி லாரி ஓட்டியவன். ஃபேக்டரி மூடிவிட்டது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். எங்கெங்கோ அலைந்து கோயமுத்தூரில் இந்த ஒரு வேலைதான் அமைந்திருந்தது. நேரில் போய்க் கொடுத்துவிடலாம் என்றால் மண் சரிந்து ஊட்டி ரோடும் அடைப்பு, கேரளா பக்கம் இறங்கும் ரோடும் அடைப்பு.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். "ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க. கத்துனா லைன் சரியாயிருமா?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, மெஷினை வாங்கி எங்கள் லைனிலேயே மாட்டினேன்.

கூடலூர் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பக்கம் அனுப்பினேன். சுத்தமாகப் போனது. கோயமுத்தூருக்கு அனுப்பினேன். பாதியில் அறுந்தது. மெஷின்மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் செல்லம்மாக்கா கணேசனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேலை கைநழுவுகிறது என்ற பயம்தான் அவனை அப்படிக் கத்த வைத்தது. எனக்கே பாவமாக இருந்தது.

2. யாருக்கு யார் க்ளாக் கொடுப்பது?

இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெளியூர் லைன் வரும் ஒவ்வொரு கார்டிலும் குரலோடு க்ளாக்கும், அதாவது எக்ஸ்சேஞ்சை ஒரே தாளத்தில் ஓட்டும் நேரத் துடிப்பும், சேர்ந்து வரும். எந்தக் கார்டின் க்ளாக்கை எடுப்பது, அது போனால் அடுத்தது எது என்று வரிசை போட்டு வைப்போம். இரண்டு ஊர் க்ளாக்குகள் துளி விலகினாலும் இடையில் பேச்சில் ஒரு துணுக்கு விடுபட்டுவிடும். அதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். பேசுகிறவர் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபேக்ஸுக்கு அது உயிர் போகிற விஷயம்.

மண்சரிவில் ஊட்டி ஃபைபர் அறுந்திருந்தது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் பழைய மைக்ரோவேவ் டவர் வழியாகத்தான் எல்லா அழைப்புகளும் வெளியே போய்க்கொண்டிருந்தன. ஃபைபர் போனதும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் தானாகவே கூடலூர் கார்டின் க்ளாக்குக்கு மாறியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு அலாரமும் இல்லை. கூடலூர் எக்ஸ்சேஞ்சுக்குப் பொறுப்பாக இருந்த குரியன் சாரைப் போனில் கூப்பிட்டேன். நல்ல மனுஷர். மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"இவிடெ எல்லாம் பச்சைதான் மேடம். ஒரு குழப்பமும் இல்ல."

"பச்சை இருக்கட்டுங்க சார். உங்களுக்கு இப்ப க்ளாக் எங்கிருந்து வருது?"

"ஃபைபர் போயில்லே? இப்ப உங்ககிட்டேந்துதான்."

"அட ஆண்டவனே! நான் உங்ககிட்ட இருந்துல்ல எடுக்கறேன்!"

"அய்யோ" என்றார் குரியன் சார்.

எனக்கு முன்னால் இங்கே இருந்தவரும் குரியன் சாரும் கூட்டாளிகள். 'எனக்குப் போனால் நீ கொடு, உனக்குப் போனால் நான் தர்றேன்' என்று பேசிவைத்த ஏற்பாடு அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்காள் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்பின கதைதான். ஊட்டியின் நேரத்தைவிட்டு இரண்டு எக்ஸ்சேஞ்சும் சேர்ந்தே விலகிக்கொண்டிருந்தன. அதனால்தான் கூடலூருக்குச் சுத்தமாகப் போன ஃபேக்ஸ் கோயமுத்தூருக்கு அறுந்தது.

"எங்க கார்டை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டு மைக்ரோவேவ் கார்டை முதல்ல போடுங்க சார்."

அவர் தயங்கினார். "ஊட்டி ஆபீஸ்ல எதையும் தொடாதேன்னு சொல்லியிருக்கு. ஏதாச்சும் ஆனா ஆஸ்பத்திரி லைனும் போகும் மேடம். இந்த மழையில ஆரு பதில் சொல்றது?"

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எதிரே கணேசன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதிக்குங்க சார். கேள்வி வந்தா நான் பாத்துக்கறேன்."

"எழுதுறதாவது! ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாற்றினார்.

லைன் ஒன்றும் போகவில்லை. க்ளாக் நிலைக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்திருந்து, கோயமுத்தூருக்கு மறுபடி அனுப்பினேன். காகிதம் ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போய் வெளியே வந்தது. அந்தக் கம்பெனிக்காரரே போன் செய்தார். "இப்ப தெளிவா வந்துருச்சுங்க. ரோடு தொறந்ததும் வந்து சேரச் சொல்லுங்க."

கணேசன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். பிறகு செல்லம்மாக்காவிடம் திரும்பி, "மன்னிச்சுக்கக்கா" என்றான்.

"மெஷினத் தூக்கிட்டு வா. அதான் மன்னிப்பு" என்று அவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இப்போது ஒரே சர்வரில் பல நெட்வொர்க் கார்டுகளைப் போட்டு, கார்டுக்கு ஒரு க்ளாக் வைத்து வேலை செய்கிறீர்கள். எல்லாம் ஒத்துப்போகின்றன என்று திரை சொன்னவுடன் டீ குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். இது யாரைப் பார்த்து ஓடுகிறது, அது யாரைப் பார்த்து ஓடுகிறது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே போங்கள். அன்று கணேசனின் வேலையைத் தின்னப் பார்த்தது எங்கள் இரண்டு எக்ஸ்சேஞ்சின் ஒற்றுமைதான்.