ரோமர் கல்லும் யோகன் அண்ணையும்

யோகன் அண்ணைக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரை ஊரொன்றின் அருங்காட்சியகத்தில் நாங்கள் இருவரும் காவல் வேலை. ரோமர்களின் கல்லறைக் கற்கள் நிற்கும் மண்டபம் எங்கள் பொறுப்பு. யாரும் எதையும் தொடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வழிகாட்டிகள் சொல்வதை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அண்ணை அந்த ரோமர்களைத் தன் சொந்தக்காரர் போலவே பேசுவார்.

அன்று கண் தெரியாத ஒருவர் வந்தார். போர்வீரன் ஒருவன் தன் சிநேகிதனுக்கு வைத்த கல்லின் முன்னால் நின்று, எழுத்து எப்படியிருக்கும் என்று கேட்டார். அண்ணை அவர் கையைப் பிடித்துக் கல்லில் வைத்தார். அந்த மனிதர் பெயரைத் தடவித் தடவி வாசித்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாசலில் நின்ற நானும் பார்த்தேன். இன்னொரு பார்வையாளரும் பார்த்து முறைப்பாடு கொடுத்துவிட்டார். அண்ணைக்கு ஏற்கெனவே ஒரு அப்மானுங், எழுத்தில் கொடுக்கும் எச்சரிக்கை, இருந்தது. இன்னொன்று வந்தால் வீடுதான்.

"அண்ணை, அந்தாள் தன்ரபாட்டில, தானாவே தொட்டவர், நீங்கள் மறிச்சனீங்கள் எண்டு நான் சொல்லுறன்" என்றேன்.

"விசர்க்கதை கதைக்காதேயும் தங்கச்சி. சிநேகிதரிட்டக் கூடாத வேலை கேக்கக் கூடாது, கேட்டாலும் செய்யக் கூடாது எண்டு உந்த ரோமர் சொன்னவங்கள். நீர் கேளாமலே செய்ய வாறீர்!"

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"கூட வாரும். அது போதும்."

மேலாளர் அம்மாவின் அறைக்குள் இருவருமாகப் போனோம். அண்ணை நடந்ததை நடந்தபடியே சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நானும் பார்த்தேன், தடுக்கவில்லை. எச்சரிக்கை எழுதுவதென்றால் எனக்கும் எழுதுங்கள்" என்றேன்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே அனுமதித்திருப்பேனே" என்றார் அந்த அம்மா. எச்சரிக்கை எழுதவில்லை. ஒரு மாதம் கீழே நின்று வருவோரின் கோட்டுகளை வாங்கி மாட்டச் சொன்னார், இருவரையும்தான்.

வெளியே வந்ததும் அண்ணை கதவைச் சாத்தினார்.

"நீர் உள்ளுக்கு வராட்டில், தங்கச்சி, நான் பொய்தான் சொல்லியிருப்பன்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, உண்மை சொல்லப் போகும் சிநேகிதரோடு கதவடியில் நின்றுவிடாதீர்கள். உள்ளேயும் போங்கள்.