வராமல் போன கடைசிப் பெட்டி

ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு அப்போது கரண்டும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. ஆனால் சி.ஐ.டி. வந்திருந்தார். அவரை மேலே கூட்டிவந்தவள் மங்கம்மாள்.

வருஷத்தில் சில தடவை அவளும் புருஷன் கோபால்சாமியும் தேனும் சாமையும் சுமந்துகொண்டு படவேட்டுக்கு இறங்குவார்கள். விற்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் மலை ஏற முடியாது. அங்கேயே தங்கி, டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்பது பேச்சுக்கு. திரையில் எழுத்து போடும்போதே கோபால்சாமி மணலில் சாய்ந்து தூங்கிவிடுவார். படம் பார்ப்பது மங்கம்மாள் மட்டும்தான்.

மாசியில் புளி உலுக்கியதும் ஊர்ப் பெண்கள் அவள் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுக்கும் வேலை நாள் முழுக்க நடக்கும். அந்த வேலைக்கு மங்கம்மாள் சொல்லும் படக்கதைதான் துணை. அடுத்த வீட்டுப் புளியைக்கூட அவள் முற்றத்துக்குத் தூக்கி வந்து உடைத்தார்கள். படத்தில் யார் எங்கே நின்றார், எந்தக் கையில் சிகரெட் பிடித்தார், கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று எல்லாம் சொல்லுவாள். பார்க்காததை மட்டும் சொல்லமாட்டாள். அவள் அப்பா ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சிக்கு நின்றவர். "கண்ணு பாத்தத வாயி சொல்லணும். மனசு நெனச்சத சொல்லக்கூடாது" என்பது அவர் வார்த்தை. மகள் அதைச் சினிமாவுக்கும் வைத்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் கொண்டுவந்தது தங்கம் கடத்துகிற கூட்டத்தின் கதை. சி.ஐ.டி. போலீஸ்காரர் ஒருவர் டிரைவர் வேஷம் போட்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். அவர் சேதி அனுப்ப அனுப்ப, போலீஸ் போகிற இடமெல்லாம் காலியாக இருக்கிறது.

"நம்ம ஆளு அவனுங்க கூட்டத்துல இருக்கிற மாதிரி, அவனுங்க ஆளு ஒருத்தன் போலீசுல இருக்கிறான்" என்றாள் மங்கம்மாள். "பெரிய ஆபீசர் மேசையத் தட்டி, நம்மள்ல ஒரு கறுப்பு ஆடு இருக்குதுன்றாரு."

"ஏன்க்கா, கறுப்பு ஆடு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. "எங்க வூட்டு கறுப்பிதான் வருஷம் தப்பாம ரெண்டு குட்டி போடுது."

"அவுரு ஆடு மேச்சிருக்கமாட்டாரு, வுடுடி" என்றாள் எல்லோருக்கும் மூத்தவளான பெரியம்மாள்.

மங்கம்மாள் தொடர்ந்தாள். "ஆபீசர் ரூம்புல எல்லாரும் கூடி, எப்ப எங்க புடிக்கலாம்னு பேசுறாங்க. செவுத்துல பெரிய கடிகாரம். வயசான ஏட்டு ஒருத்தரு முக்காலி மேல ஏறி அதுக்கு சாவி குடுக்கிறாரு..."

"அந்த ஏட்ட நேத்தும் சொன்ன, இன்னிக்கும் சொல்ற. கடிகாரம் ஓடட்டும், நீ கதைக்கு வாக்கா!" என்றாள் பாஞ்சாலி.

மங்கம்மாள் சிரித்துவிட்டுக் கதைக்கு வந்தாள். முன்கோபக்கார சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கடத்தல்காரனைக் காட்டுக்குள் துரத்திக்கொண்டு ஓடுகிறார். வெறுங்கையோடு திரும்பி வந்து, தப்பித்துவிட்டான் என்கிறார். கால்சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார் என்று மங்கம்மாள் சொன்னதுதான் தாமதம், பாஞ்சாலி கையிலிருந்த புளியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒட்டுப்புல்லு? காட்டுல ஓடினவன் காலுல ஒரு ஒட்டுப்புல்லு கூடவா ஒட்டல? இவன் ஓடவே இல்லக்கா. இவன்தான் அந்த ஆளு!"

முற்றமே ஆமாம் என்றது. அன்றிலிருந்து சப்-இன்ஸ்பெக்டருக்கு விழுந்த சாபத்துக்கு அளவில்லை. புளியங்கொட்டையைக்கூட அவன் பேரைச் சொல்லித்தான் வீசினார்கள்.

மங்கம்மாள் மட்டும் தலையை ஆட்டவில்லை. யார் என்று அவளுக்கே தெரியாது. ஒரே படத்தைப் படவேட்டிலும் பக்கத்து ஊர்க் கொட்டகையிலும் ஓட்டியதால், படச்சுருள் பெட்டிகளைச் சைக்கிளில் மாற்றி மாற்றிக் கொண்டுவருவார்கள். அன்று கடைசிப் பெட்டி வரவில்லை. சைக்கிள் வழியில் பஞ்சராகிவிட்டது என்று சொல்லி, நாளைக்கு அதே சீட்டோடு வரச் சொன்னார்கள். மறுநாள் அவள் மலைமேல் இருந்தாள்.

புருஷனைத் தவிர இது தெரிந்த ஒரே ஆள் கொழுந்தன் ரங்கன். புளி வியாபாரியின் லாரியில் கிளீனர். படத்தை வேலூரில் இரண்டு தடவை முழுசாகப் பார்த்தவன். அண்ணன் தூக்கக் கலக்கத்தில் பெட்டி வராத கதையை அவனிடம் உளறியிருந்தார். லாரி வனத்துறை ரோட்டில் வந்து நின்ற அன்று, ரங்கன் நேராக முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, கதைய முடிங்க. அந்த ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க. சொல்லலைன்னா இனிமே இங்க கதை சொல்றது நான்தான்."

சப்-இன்ஸ்பெக்டர்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். பாஞ்சாலியின் கண்கள் கெஞ்சின. ரங்கன் மறுத்தால்கூட அவனை யார் நம்பப் போகிறார்கள்? மங்கம்மாள் மடியிலிருந்த நாரை உதறினாள்.

"கடைசிப் பொட்டி வரல. நான் பாக்கல. பாக்காதத சொல்லமாட்டேன்."

"பாத்தீங்களா! அரைக்கதையக் கொண்டாந்து இத்தினி நாளா..." ரங்கன் துள்ளி எழுந்தான். "நான் சொல்றேன் கேளுங்க. அந்த ஆளு..."

"வாய மூடுறா!" என்று பெரியம்மாள் புளி தட்டும் கல்லை ஓங்கினாள். "அவ பாக்காதத நாங்க பாத்துக்கிறோம். லாரி எங்க போவுது?"

"கலசப்பாக்கம்."

"படம்?"

ரங்கன் தலையைச் சொறிந்தான். "அதுவும் இப்ப அங்கதான் ஓடுது."

அப்படித்தான் புளி மூட்டைகளின் மேல் ஊர்ப் பெண்கள் ஏறிக் கலசப்பாக்கம் போனார்கள். பலருக்கு அதுதான் முதல் சினிமா. மங்கம்மாள் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இதுவரை சொன்னதில் ஒன்று தப்பாக இருந்தாலும் போச்சு என்று படத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

கொட்டகையின் வெள்ளைத் திரையில் முதல் ஆள் வந்தான். "அதோ, எடது கையில சிகரெட்டு!" என்றாள் பாஞ்சாலி. அடுத்த ஆள் வருமுன்பே, "இப்ப கதவு தொறக்கும் பாரு, வலது பக்கம்" என்றாள் பெரியம்மாள். திறந்தது. யாரும் யாரையும் யார் என்று கேட்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல எல்லோரையும் அடையாளம் கண்டார்கள்.

காட்டுக் காட்சி வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மடிப்புக் கலையாமல் வந்தார். ஆனால் கதாநாயகனும் மடிப்புக் கலையாமல் வந்தார், கடத்தல்காரனும் அப்படியே வந்தான்.

"இன்னாடி இது, ஒருத்தன் காலுலயும் ஒட்டுப்புல்லு இல்ல!"

பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் ஆண்கள் பக்கத்திலிருந்து அதட்டல் வந்தது.

கடைசிப் பெட்டி அன்று ஒழுங்காக வந்து சேர்ந்தது. கதாநாயகனைக் காப்பாற்ற ஓடிவந்து குண்டடி பட்டு விழுந்தவர் அதே சப்-இன்ஸ்பெக்டர். பாஞ்சாலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் ஆபீசர் அறை. முக்காலி மேல் வயசான ஏட்டு. கதாநாயகன் அவரை இறக்கிவிட்டு, கடிகாரத்தின் கதவைத் திறக்கிறார். உள்ளே, பேசுவதையெல்லாம் கூட்டத்துக்கு அனுப்பும் கருவி.

திரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் மங்கம்மாள் பக்கம் திரும்பியிருந்தது. அவளும் வாய் பிளந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒவ்வொரு வாட்டியும் சொன்னியேக்கா" என்றாள் பாஞ்சாலி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான்தான் கேக்கல."

"எனுக்கு மட்டும் தெரியுமா? கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

மறுநாள் காலி லாரி மலை ஏறும்போது ரங்கன் பின்னால் வந்து தொற்றிக்கொண்டான்.

"அண்ணி, வேலூர்ல ரெண்டு தபா பாத்தேன். மொதல் தபாதான் கண்ணுல படல, ரெண்டாவது தபா யாருன்னு தெரிஞ்சும் அந்த ஏட்டு எப்ப வந்தாரு, எப்ப போனாருன்னு நான் கவனிக்கல."

"அதான் கிளீனரா இருக்கிற" என்றாள் பெரியம்மாள். லாரியே சிரித்தது. ரங்கனும் சிரித்தான்.

வளைவுகளில் குளிர்ந்த காற்று வந்தது. மங்கம்மாளின் முதுகு வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது. பாஞ்சாலி அவள் தோளில் இடித்தாள்.

"அக்கா, படத்த சொல்லேன்."

"இப்பதானடி எல்லாரும் பாத்தோம்?"

"பாத்தோம். நீ சொல்லு, மொதல்லருந்து."

மங்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் சாக்குகளை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"மொதல்ல ஒரு ரூம்பு. செவுத்துல பெரிய கடிகாரம்..."

இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை.