"ஏட்டி" என்று கூப்பிட்ட மத்தியானம்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போகிற ஆள் நான். ராஜபாளையத்தில் பஞ்சாலை வந்த புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன், கண்ணால் பார்க்காத எதையும் நம்பியதில்லை.

அப்போது என் மனைவி எஸ்தர் ஆறு மாதம். தாயில்லாதவள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் அவளுடைய அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனேன். கடற்கரை, கோயிலை ஒட்டிப் பூவரச நிழலில் ஒரு சின்னப் பூங்கா, அவ்வளவுதான் ஊர். கண்மாயை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கடல் பிடிக்கவே இல்லை. எஸ்தரோ, "பேறுகாலம் வரைக்கும் அக்காகூட இருக்கேனே" என்றாள். "அதெல்லாம் முடியாது, நாளைக்கு ரயிலேறணும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள்.

அவளைத் தேடி நான் கிளம்பும்போதே மதினி, அதான் எஸ்தரின் அக்கா, சொன்னாள்: "அங்கன அவளைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பொதுவா கூப்பிட்டுறாதீய."

எங்கள் பக்கம் பெண்டாட்டியை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவோம், கட்டினவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் தெருவே சிரிக்கும், அதனால் நான் காதில் வாங்கவில்லை. உச்சி வெயிலில் தண்ணீர் ஓரமாக ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். "ஏட்டி, நேரமாச்சு, வா!" என்று கத்திவிட்டு, அந்தக் கால வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். பின்னால் கொலுசுச் சத்தம் வந்தது. பூங்காவைக் கடக்கும்போது கோபம் தணிந்து, "என்கூட நம்ம வீட்டுக்கு வாரியா, இல்லையா?" என்று கேட்டேன். "உம்" என்று பதில் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டு வாசலில் எஸ்தர் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பட்டி வந்த?"

"நான் அப்பமே வந்துட்டேனே!"

திரும்பினேன், தெருவில் ஈ காக்கை இல்லை. நம்பினால் நம்புங்கள், வீட்டுக்குள் ஓடிப்போய் மதினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விஷயத்தைக் கேட்டதும் மதினி முகம் செத்துப்போயிற்று. "வீட்டுக்கு வான்னு சொன்னீயளா? அப்ப அது இனிமே உங்ககூடத்தான் வரும். இவ இங்கனயே இருக்கட்டும்."

வாயும் வயிறுமாக இருப்பவளை அதோடு ஒரே ரயிலில் ஏற்ற எனக்கு மனம் துணியவில்லை. எஸ்தரை விட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்பினேன். கதவைத் திறந்து நான் உள்ளே போனதும் பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா சத்தம் கொடுத்தார்: "ஏன் சம்சாரத்தை வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்க? உள்ள கூப்பிடுங்க!"

வாசலைப் பார்க்காமலே கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அதற்கப்புறம் வாசலில் யாரையும் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை; பிள்ளை நல்லபடியாகப் பிறந்து தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து "எஸ்தர்" என்றுதான் கூப்பிடுகிறேன், தெரு சிரித்தால் சிரிக்கட்டும். போன மாதம் வேலை முடிந்து வந்த அசதியில் வாய் தவறி, "ஏட்டி, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றுவிட்டேன். "இந்தா வாரேன்" என்றாள் எஸ்தர், அடுப்படியிலிருந்து. ஆனால் அதற்கு முன்பே வாசல் கதவுக்கு வெளியே "உம்" என்று கேட்டுவிட்டது.