பச்சை பெல்ட்டும் இரண்டு பிஸ்டலும்

திண்டுக்கல்லில் ஒரு துப்பாக்கிக் கடை. பில் போடும் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்திருக்கிறேன். காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை.

அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவர், கையில் லைசென்ஸோடு, புதிதாக வந்த இரண்டு பிஸ்டல்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மற்றது கொஞ்சம் பெரியது. வேட்டிமேல் கட்டிய பச்சை பெல்ட்டின் பையில் ஒவ்வொன்றாகச் செருகி, சட்டையை இறக்கிவிட்டுக் கண்ணாடி முன் நிற்கிறார். சின்னது வெளியே தெரியவே இல்லை. பெரியது புடைக்கிறது.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" சின்னதன் இங்கிலீஷ் கையேட்டை நீட்டுகிறார். எங்கள் வீட்டிலும் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

"மறைச்சு வச்சுக்க வசதியாம். எடையே தெரியாதாம்ண்ணே."

"சுண்டு விரலு பிடிக்க எடமில்லாம வெளிய தொங்குதே!" என்று சின்னதைப் பிடித்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

"முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்கிறேன்.

"ஒரு கம்புகூட இல்ல. விடியுமுன்ன சந்தைக்கு எங்கண்ணன் கூட வருவாரு. அவரு கண்ண மூடுன பெறகுதான் என்னைய வழிமறிச்சு அடிச்சுப்புட்டாய்ங்க."

கடைக்காரர் சின்னதைப் பெட்டியில் வைக்கிறார்.

"அது வேணாம், பெருசையே குடுங்க. சட்டையத் தொளதொளன்னு தச்சுக்கிறேன். இடுப்புல கனம் தெரியணும்ல, கூட ஆளு இருக்குன்னு."

அவர் போய்விட்டார். லாட்ஜ் அறையில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. மீதி வேலையை மெதுவாகவே செய்கிறேன்.