கண்ணாடிக்கடியில் அட்சதை

பாஷா பாய் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு எதையோ அள்ளி என் உள்ளங்கையில் வைத்தபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கறுத்து, ஈரமாக, சாணி போல. முகர்ந்தேன். அழுகலுக்கு அடியில் சாமந்தி வாசனை. விரலால் கிளறினால் அரிசி.

"இன்னா சார், இது காரா, கல்யாண மண்டபமா?" என்றார் பாய். செஞ்சியிலிருந்து வந்த மெக்கானிக். "தண்ணி போற ஓட்டைய பூவும் அரிசியுமா அடச்சி வெச்சிருக்கீங்க. மழத்தண்ணி பூரா கம்ப்யூட்டர் பாக்ஸ்ல எறங்கிடுச்சி. சரி பண்ணணும்னா பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கினு போவணும். ஆவற செலவுக்கு வித்துடலாம்."

வாங்க ஆள் இருந்தார். கோட்டை போகிற ரோட்டில் கடை வைத்திருக்கும் புரோக்கர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வாராம். விற்றுவிட வேண்டியதுதான் என்று மனைவி நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனால் என் நைனா காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

கையில் அந்த அழுகல் பூவை வைத்துக்கொண்டு நான் எங்கெங்கோ போய்விட்டேன். நைனா மாப்பிள்ளையான காலத்தில் காலனிக்காரர்கள் ஊர்த்தெரு வழியாக ஊர்வலம் போகக்கூடாது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும். கழுத்தில் மாலை, கையில் செருப்பு, முழங்கால் வரை சேறு என்று போனாராம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மா இருந்தவரை ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

சென்னையில் வேலைக்குப் போய், யாரோ டாக்டர் ஓட்டித் தள்ளிய இந்த வெளிநாட்டுக் காரை நான் வாங்கினேன். பெரிய மனிதனாகிவிட்ட நினைப்பு. எங்கள் ஊர் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அடி தட்டியது, அது வேறு விஷயம். கொண்டுவந்த வாரமே பக்கத்து வீட்டு முருகனுக்குக் கல்யாணம். நைனா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏரிக்கர வேணாம். நேரா வுடு."

சொல்வதற்கென்ன, நன்றாகவே பயந்தேன். பின்சீட்டில் முருகன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுவிட்டான். ஊர்த்தெரு டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்தார்கள். ஒருவர் நடுத்தெருவுக்கு வந்து பானெட்டில் கை வைத்தார். எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை.

"யார் வண்டி இது?"

நைனா கண்ணாடியை இறக்கினார். "என் புள்ள வண்டி. உள்ள மாப்ள இருக்காரு. நல்ல நேரம் போவுது, கைய எடுங்க."

கை வைத்தவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். எவ்வளவு நேரமோ. பிறகு கையை எடுத்தார். "தலப்பாவ போட்றா" என்றார் நைனா, பின்னால் திரும்பாமலே.

அதற்குப் பிறகு காலனி மாப்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த வண்டிதான். ஊர்த்தெருவைத் தாண்டித் திரும்பி வந்ததும் பெண்கள் பூவையும் அட்சதையையும் முன்கண்ணாடியில் வாரி வாரி இறைப்பார்கள். கழுவும்போது நைனா அதைத் தள்ள விடமாட்டார். "இருக்கட்டும்டா, அதுவா வுழும்." விழவில்லை. உள்ளே இறங்கிச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆசை ஆசையாக நாங்களே வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். வண்டி வராது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"அட வுடுண்ணா, நான் பைக்லயே வந்துட்றேன். இதுக்குப் போயி டென்ஷன் ஆவறியே."

"எந்த வழியா வருவ?"

"இன்னாண்ணா கேக்கற? ஊருக்குள்ளதான். வேற வழி இருக்குதா?"

நைனாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏரிக்கர வழி அவனுக்குத் தெரியாதா?"

"அவனுக்குத் தெரியல நைனா."

"அப்ப வித்துடு" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதிரியும் இருந்தது.

லோடு வண்டியில் டோச்சன் கயிறு மாட்டி ஊர்த்தெரு வழியாக இழுத்துப் போனார்கள். ஸ்டியரிங் பிடிக்க நான். பக்கத்தில், இறங்கவே மாட்டேன் என்ற நைனா. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நைனா கண்ணாடியை இறக்கும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. சாக்கில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் சாக்கைச் சற்று இழுத்து வழி விட்டு, வேலையைத் தொடர்ந்தாள். ஏரிக்கரை பிரிகிற முனையில் முள்செடி மண்டிக் கிடந்தது. அங்கே ஒரு வழி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

"ஒருத்தனும் எழுந்திரிக்கலடா" என்று நைனா சிரித்தார்.

அம்மா இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள்.